சமச்செவி

வசந்தாமணி டீச்சரிடம் குறை கண்டுபிடிக்க யாராலும் முடியாது. முக்கியமாக வசந்தாமணி டீச்சரால் முடியாது. செம்மேட்டுப்புதூர் நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறார். காய்ச்சலோடும் பள்ளிக்கு வந்துவிடுவார். பிரம்பைக் கையால் தொட்டதில்லை. "எனக்கு எல்லாப் புள்ளைகளும் ஒண்ணுதானுங்க" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது யாரிடமாவது சொல்லிவிடுவார். எதிரில் இருப்பவர் கேட்டாரா இல்லையா என்பதெல்லாம் அவருக்கு முக்கியமில்லை.

அப்படிச் சொல்லிக்கொள்ள அந்த வகுப்பில் நிறையவே வாய்ப்பு இருந்தது. ரைஸ்மில்காரர் வீட்டுப் பேத்தி ஹாசினி அங்கேதான் படித்தாள். நூல் மில்லுக்கு வேலைக்கு வந்த ஒடிசாக்காரரின் மகன் பிஸ்வஜித்தும் அங்கேதான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கமிருக்கும் காலனிப் பிள்ளைகள் வகுப்பில் பாதிக்கு மேல். அவர்களில் ஒருத்தி மேகவர்ஷினி. பிறவியிலேயே அவளுக்குக் காது அரைகுறை. எதிரில் நின்று பேசினால் ஏதோ சத்தம் வருகிறது என்று தெரியும், இன்னதென்று தெரியாது. அம்மாவுக்குக் கோழிப்பண்ணையில் வேலை. "கோழிப்பண்ணைக்காரி மகளுக்கு மேகவர்ஷினியாமா!" என்று ஆசிரியர் அறையில் ஒருநாள் எல்லாரும் சிரித்தபோது வசந்தாமணி சிரிக்கவில்லை. லேசாகப் புன்னகைத்தார், அவ்வளவுதான்.

சமச்செவி வந்தது இந்த மாதிரிப் பிள்ளைகளுக்காகத்தான், இரண்டு வருஷத் திட்டமாக. பட்டாணி அளவில் ஒரு கருவி. காதுக்குள் வைத்துவிட்டால் வெளியே தெரியாது. காது கேளாத பிள்ளைக்கு மட்டும் கொடுத்தால் அது அவளைத் தனியாகக் காட்டிக்கொடுக்கும் என்று ஏழாம் வகுப்பு முழுவதற்கும் கொடுத்துவிட்டார்கள். காலை மணிக்குப் போட்டால் மாலை மணிக்குத்தான் கழற்றுவது. வெளிச்சத்தத்தை அது முழுக்க அடைத்துவிடும். டீச்சர் பேசுவது அதன் வழியாகத்தான் ஒவ்வொரு காதுக்கும் போகும். மேகவர்ஷினிக்குத் தெளிவாகக் கேட்கிற மாதிரி கொடுக்கும். பிஸ்வஜித்துக்கு அதே குரலில் ஒடியாவில் சொல்லும். மெதுவாகப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு மெதுவாகச் சொல்லும். வந்தவர் யார், வராதவர் யார் என்பதையும் அதுவே பார்த்துக்கொள்ளும். டீச்சர் பேர் கூப்பிட வேண்டியதில்லை.

"நான் இப்ப ஒடியாவுல பாடம் எடுக்கறேனாக்கும்" என்று வசந்தாமணி தன் கணவரிடம் பெருமையடித்துக்கொண்டார்.

"எனக்குத் தமிழ்லயே சோறு போட்டாப் போதும்" என்றார் துரைசாமி.

கருவி வந்து இரண்டு வருஷத்தில் பள்ளியே மாறிப்போனது. காலனிப் பிள்ளைகள் பாதியில் நிற்பது நின்றது. ஆறாவதில் பாதி நாள் அம்மாவோடு பண்ணைக்குப் போய் முட்டை பொறுக்கிக்கொண்டிருந்த மேகவர்ஷினி, ஏழாவதில் அறிவியலில் ஹாசினியை முந்திவிட்டாள். எங்கெங்கிருந்தோ அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். திட்டக் காலம் முடிந்து கருவிகளைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் வெள்ளிக்கிழமையன்று ஒரு விழா வைத்து, வேறுபாடு ஒழிந்த பள்ளி என்று பட்டயம் கொடுப்பதாக முடிவானது. வசந்தாமணிக்குப் பொன்னாடை. அவர் நான்கு வார்த்தை பேச வேண்டும்.

அந்த வாரத் தொடக்கத்தில், கருவிகளைச் சரிபார்க்கக் கோவையிலிருந்து ஃபர்ஹானா என்ற பெண் வந்தாள். அவற்றைச் செய்த நிறுவனத்தில் பொறியாளர். கல்லூரி முடித்து ரொம்ப வருஷம் ஆகியிருக்காது. கணினி அறையில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். விழாவில் பேச ஏதாவது கிடைக்குமா என்று வசந்தாமணி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்க கிளாஸை நீங்க கேட்டிருக்கீங்களா மேடம்?" என்றாள் ஃபர்ஹானா.

"நான் எடுக்கற கிளாஸை நானே என்னத்தக் கேக்கறது கண்ணு?"

"அப்படி இல்லீங்க. ஒரு புள்ளையோட காதுல எப்படி விழுதுன்னு. கேட்டுப் பாருங்க, விழாவுல சொல்றதுக்கு நல்லாருக்கும்."

"அப்ப அந்த முன்பெஞ்சுப் புள்ளையோடதப் போடு. காது கேக்காதவ."

"மேகவர்ஷினிங்களா?"

"அவதான்."

ஃபர்ஹானா ஒரு செவியைத் துடைத்துக் கொடுத்தாள். வசந்தாமணி காதில் வைத்ததும் அறையின் மின்விசிறிச் சத்தம் அற்றுப்போய், அவருடைய குரல் அவருக்கே கேட்டது.

"அம்மிணி, எங்க, நீ எந்திரிச்சுச் சொல்லு பாக்கலாம். தப்பாப் போனாப் போகட்டும், சொல்லு சாமி."

தன் குரல் இத்தனை கனிவா என்று அவருக்கே கொஞ்சம் மயக்கமாக இருந்தது. மேடையில் இதைப் போட்டுக் காட்டச் சொல்லலாமா என்றுகூட நினைத்தார். அப்புறம்தான் ஏதோ இடித்தது.

"இது ஹாசினிகிட்டப் பேசுனது கண்ணு. தப்பாப் போட்டுட்டியாட்ட இருக்குது."

"இல்லீங்க மேடம், மேகவர்ஷினிகிட்டப் பேசுனதுதான். போன வாரம்."

"அவள நான் அம்மிணின்னு கூப்பிட்டதே இல்லையே!"

சொல்லி முடித்த பிறகுதான், என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. அந்தப் பக்கத்தில் வீட்டுப் பெண் குழந்தையை, சொந்தத்தில் ஒரு சிறுமியை, பார்த்ததும் மனசுக்குப் பிடித்துப்போன பிள்ளையை அம்மிணி என்பார்கள். அதை யாரும் யோசித்துச் சொல்வதில்லை. ஹாசினியைப் பார்த்தால் அந்தச் சொல் வசந்தாமணிக்குத் தானாக வரும். யாரைப் பார்த்தால் வராது என்று அவர் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

ஃபர்ஹானா சங்கடமாக நெளிந்தாள். "அது வேறுபாடு களைதல்ங்க மேடம். பயிற்சியில சொல்லியிருப்பாங்களே."

சொன்னார்கள்தான். பெரிய திரையில் அந்த இரண்டு வார்த்தை வந்தது அவருக்கு ஞாபகம் இருந்தது. மதியச் சாப்பாடு முடிந்த நேரம், கண் சொக்கிக்கொண்டு வந்தது. பிள்ளைகளிடம் இருக்கும் வேறுபாட்டைத்தான் களையப் போகிறார்கள் என்று எண்ணிக்கொண்டு, எல்லாரையும் போல அவரும் தலையாட்டிவிட்டு வந்தார்.

"வேறுபாடு புள்ளைங்ககிட்டத்தானே இருக்குது?" என்றார்.

"அதுக்கெல்லாம் சத்தம், மொழி, வேகம்னு தனித்தனியா வழி வெச்சிருக்கோமுங்க. இது பேசறவங்க பேச்சுல இருக்கற வேறுபாடு. ஒரு புள்ளைகிட்ட ஒரு மாதிரியும் இன்னொரு புள்ளைகிட்ட வேற மாதிரியும் பேச்சு வந்துச்சுன்னா, கேக்கறவங்களுக்கு ரெண்டையும் ஒண்ணாக்கிக் குடுத்துரும்."

"நான் பேசாததக் குடுக்குமா?"

"குரல் உங்களுதுதானுங்க. வெளியில இருந்து எதுவும் எடுக்கறதில்ல. நீங்க ஹாசினிகிட்டப் பேசறீங்கல்ல, அந்தக் கனிவ எடுத்து மத்தப் புள்ளைங்களுக்கும் போட்டுரும்."

"அப்ப நெசமா நான் என்ன சொன்னேன்?"

"அது எதுக்குங்க மேடம்? விழாவுக்கு..."

"போடு கண்ணு."

ஃபர்ஹானா போட்டாள்.

"ஏய், இந்தா. எந்திரி. என்ன, வாயத் தொறந்தா முத்து உதிர்ந்துருமா?"

அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால், அன்றைக்கு ஏதோ தலைவலி என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். வாசலில் வந்து நிற்கும் அடுத்த வீட்டு ஆட்டை விரட்டும்போது வருமே, அந்தக் குரல். அந்த ஆட்டின் மேல் யாருக்கும் பகை கிடையாது. வசந்தாமணிக்குக் காது மடலெல்லாம் சுட்டது. கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஹாசினிக்கு எவ்வளவு மாத்துது?"

"ஒண்ணும் மாத்தறதில்லீங்க. நீங்க அவகிட்டப் பேசறது அப்படியே போகும்."

"பிஸ்வஜித்துக்கு?"

ஃபர்ஹானா திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "ஒடியாவுல மாத்தறப்பவே இதையும் சேத்து மாத்திருமுங்க."

கேட்டிருக்க வேண்டாம். ஆனாலும் கேட்டார். "மொதல்ல இருந்தே இப்படித்தானா?"

"மொதல் வருஷம் இவ்வளவு இல்லீங்க. இந்த வருஷந்தான் மாத்த வேண்டியது கூடிப்போச்சு." அவள் தயங்கி, தாழ்ந்த குரலில் சொன்னாள். "உங்க ஸ்கூல்ல மட்டும் இல்லீங்க, எல்லா எடத்துலயும் இப்படித்தான் ஆகுது. நாம சுருக்குன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா, எதுத்தாப்புல மூஞ்சி சுண்டிப்போகும். அதப் பாத்துத்தானே நாம அடுத்த வார்த்தயக் கொறச்சுக்கறோம்? இங்க நீங்க என்ன சொன்னாலும் புள்ளைங்க சிரிச்ச மொகமா நிக்கறாங்க. புள்ளைங்க படிக்கோணும்னு மட்டும் பாத்தோமுங்க. டீச்சருக்கு என்ன ஆகும்னு நாங்க யாரும் பாக்கல."

"இது ஏமாத்து வேலை இல்லையா?" வசந்தாமணியின் குரல் உயர்ந்துவிட்டது. குற்றம் சொல்ல ஒரு ஆள் கிடைத்தது அவருக்கு அந்த நேரத்தில் பெரிய ஆறுதல்.

"ஏமாத்து வேலைதானுங்க" என்று ஃபர்ஹானா உடனே ஒப்புக்கொண்டாள். "ஆனா நான் படிச்ச ஸ்கூல்ல எம்பேரு ஒரு டீச்சருக்கும் தெரியாது. 'ஏய், பாய் வூட்டுப் புள்ள'ம்பாங்க, அவ்வளவுதான். அன்னிக்கு யாராவது இதக் கொண்டாந்து காதுல வெச்சிருந்தா, வேண்டாம்னு சொல்லியிருப்பனான்னு தெரியலீங்க மேடம்."

ஆறுதலும் போயிற்று.

அன்று மதியமே தலைமையாசிரியர் ஈஸ்வரமூர்த்தி கூப்பிட்டு அனுப்பினார். மனிதர் உற்சாகத்தில் இருந்தார்.

"டீச்சர், இந்தச் செவிய இன்னொரு வருஷம் வெச்சுக்கலாமாம். ஆனா ஏன் வேணும்னு வகுப்பு டீச்சர் காரணம் எழுதித் தரோணுமாம். நமக்கெதுக்குங்க அந்த வம்பு? இன்னும் தேவைப்படுதுன்னு நாமளே எழுதிட்டா, வேறுபாடு ஒழிஞ்ச பள்ளின்னு எப்படிப் பட்டயம் குடுப்பாங்க?"

எழுதலாம். காரணம் இரண்டே வார்த்தைதான்: என் வாய். அதை எழுதினால் தலைமையாசிரியர் படிப்பார், அதிகாரி படிப்பார், ஆசிரியர் அறை முழுக்கப் படிக்கும். எழுதாவிட்டால், வெள்ளிக்கிழமைக்குப் பிறகு மேகவர்ஷினிக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த பழைய காது மெஷின்தான். அது சத்தத்தைக் கூட்டும், அவ்வளவுதான். பேசினதைப் பேசின மாதிரியே தரும். முதல் 'ஏய், இந்தா'விலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்துபோனால் அந்தப் பிள்ளை மறுநாள் பள்ளிக்கு வருமா, அம்மாவோடு பண்ணைக்குப் போய்விடுமா? வசந்தாமணி இதையெல்லாம் அந்த அறையில் நின்றபடியே யோசித்தார்.

"வேண்டாமுங்க சார்" என்றார்.

கோழைத்தனம்தான். வெளியே வந்ததும் அதற்கு ஒரு நல்ல பெயர் வைத்துக்கொண்டார்: நான் மாறிக்கொள்கிறேன். மெஷின் எதற்கு? ஒரு வார்த்தைதானே. எத்தனையோ வருஷமாக வாயில் இருக்கிற வார்த்தை. அதை இன்னொரு பிள்ளையைப் பார்த்துச் சொல்வதற்கு என்ன கஷ்டம்?

கஷ்டம் என்னவென்று மறுநாள் வகுப்பில் தெரிந்தது. மேகவர்ஷினியை நேராகப் பார்த்து, சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தார். வார்த்தை வரவில்லை. யாரோ கையைப் பிடித்துப் பின்னால் இழுக்கிற மாதிரி இருந்தது. கடைசியில் விரலை நீட்டி, "இந்தா" என்றார். அந்தப் பிள்ளை சிரித்த முகமாக எழுந்து நின்று பதில் சொன்னது. அவள் காதில் என்ன விழுந்திருக்கும் என்பது இப்போது அவருக்குத் தெரியும். தன் வேலையை வேறொன்று செய்து முடிக்க, தான் பக்கத்தில் சும்மா நிற்பது போல் கூச்சமாக இருந்தது.

வீட்டில் பழகிப் பார்த்தார். அடுக்களையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே, அந்த முகத்தை நினைத்துக்கொண்டு, "அம்மிணி" என்றார். அம்மி என்பதோடு நின்றது.

"அம்மி எதுக்கு இப்ப? மிக்ஸி ரிப்பேரா?" என்று துரைசாமி எட்டிப் பார்த்தார்.

"நீங்க ஒருத்தரு. போங்க அக்கட்ட."

மறுநாள் காலை பால் கறக்கும்போது கன்றுக்குட்டி இடுப்பில் வந்து முட்டியது. "இரு அம்மிணி, இரு சாமி, உனக்கில்லாமயா?" என்றார் வசந்தாமணி. சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பால் சொம்பு மடியில் சாய்ந்து சேலை நனைந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. கன்றுக்குட்டிக்குத் தடையில்லாமல் வருகிறது. நூற்றுக்கு நூறு வாங்குகிற ஒரு மனுஷப் பிள்ளைக்கு வரவில்லை. தான் அப்படிப்பட்டவள் என்று வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பார். இங்கே சண்டை போட ஆள் யாரும் இல்லை.

வியாழக்கிழமை பள்ளி விட்டதும் மேகவர்ஷினியின் அம்மா மரகதம் கேட் பக்கத்தில் காத்துக்கொண்டிருந்தாள். வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். சேலையில் கோழித்தீவன வாசம். டீச்சரைப் பார்த்ததும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சருங்க, நாளைக்கு மெசின வாங்கிக்கறாங்களாமா?"

"ஆமா. நாளையோட முடியுது."

"அதனால ஒண்ணும் இல்லீங்க. நீங்க இருக்கறீங்கல்ல." மரகதம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஏதோ ரகசியம் சொல்வது போல் நெருங்கி வந்தாள். ஆனாலும் ஒரு முழம் தள்ளியே நின்றாள். "புள்ள தெனமும் வந்து சொல்லுமுங்க. 'அம்மா, இன்னிக்கும் டீச்சர் என்னய அம்மிணின்னு கூப்பிட்டாங்க'ங்கும். எனக்கு மொதல்ல நம்பிக்கையே இல்லீங்க. எங்களயெல்லாம் இந்த ஊருக்குள்ள ஆரு அப்படிக் கூப்பிட்டிருக்கறாங்க? எங்க மாமியாகூட நம்பல. நீங்க நல்லா இருக்கோணுமுங்க டீச்சர்."

தான் செய்யாத ஒன்றுக்கு வந்து சேர்ந்த வாழ்த்தை என்ன செய்வதென்று வசந்தாமணிக்குத் தெரியவில்லை. அது மெஷின், நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். "நல்லாப் படிக்கறா. பண்ணைக்கெல்லாம் கூட்டிட்டுப் போயிராதீங்க" என்று மட்டும் சொன்னார். மரகதத்தை அவர் 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. மரகதம் பதறிப்போய், "ஐயோ, என்னயப் போயி" என்றாள்.

வெள்ளிக்கிழமை விழா நடந்தது. பந்தல், ஒலிபெருக்கி, பிள்ளைகளின் நடனம், எல்லாம் முறைப்படி. பொன்னாடை போர்த்தினார்கள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் அவருக்குத் தோன்றியது. ஒலிவாங்கியின் முன்னால் நின்றதும், "எனக்கு எல்லாப் புள்ளைகளும் ஒண்ணுதானுங்க" என்று வாய் தானாகவே சொல்லிவிட்டது. கைதட்டல் எழுந்தது. முதல் வரிசையில் இருந்த பிள்ளைகள் எல்லாரையும்விட அதிகமாகத் தட்டினார்கள். கீழே இறங்கி வந்து உட்காரும்போது வசந்தாமணிக்கு, பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்று இருந்தது. அதற்குள் ஃபர்ஹானா வரிசையாக எல்லாக் காதிலிருந்தும் செவிகளை வாங்கிப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை, குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய ஒரு கண்ணாடி டம்ளரை எடுத்துக்கொண்டு அவர் வகுப்புக்குப் போனார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அந்த வார்த்தையை வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லி நாக்கு தடித்துப்போயிருந்தது. முன்பெஞ்சில் மேகவர்ஷினி உட்கார்ந்திருந்தாள். காதுக்குப் பின்னால் பழைய மெஷின் பழுப்பாகத் தெரிந்தது. அவளுக்கு நேர் பின்னால் ஹாசினி. பிஸ்வஜித் பாவம், பக்கத்துப் பையனிடம் சைகையில் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான்.

டம்ளரை மேசைமேல் வைத்து, "உள்ள இருக்கற தண்ணி உள்ளதான் இருக்குது. வெளியில முத்து முத்தா நிக்குதே, இது எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்டார். சில கைகள் உயர்ந்தன. மேகவர்ஷினியின் கையும் ஹாசினியின் கையும் அவற்றில் உண்டு.

வசந்தாமணி மேகவர்ஷினியைப் பார்த்தார்.

"அம்மிணி, நீ எந்திரிச்சுச் சொல்லு."

வந்துவிட்டது. இழுபறி இல்லாமல், முழுசாக, தன் சொந்தக் குரலில் வந்துவிட்டது. அவருக்கு உடம்பெல்லாம் லேசானது. இனி பயமில்லை, எதையும் யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை, அந்தப் பிள்ளைக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை.

மேகவர்ஷினி எழவில்லை. தலையைத் திருப்பிப் பின்பெஞ்சைப் பார்த்தாள்.

"ஹாசினி, உன்னத்தான் கூப்பிடறாங்க" என்றாள்.

ஹாசினி எழுந்துவிட்டாள்.

"அவ இல்ல, நீ உக்காரு ஹாசினி" என்றார் வசந்தாமணி அவசரமாக. "உன்னத்தான் அம்மிணின்னேன். மெஷின்ல சரியாக் கேக்கலையா?"

"கேட்டுச்சுங்க டீச்சர்." மேகவர்ஷினி எழுந்து நின்றாள். அவள் முகத்தில் கோபமோ குத்தலோ இல்லை. ஒரு கணக்கில் எங்கே தவறினோம் என்று பார்க்கிற முகம்தான். "வாயையும் பாத்தேனுங்க. அம்மிணின்னா ஒதடு ஒட்டோணுமுங்க." தன் உதட்டைச் சேர்த்துக் காட்டினாள். "ஏய், இந்தான்னா ஒட்டாது. எனக்குச் சொல்றப்ப உங்களுக்கு ஒட்டவே ஒட்டாதுங்க டீச்சர். ஹாசினிக்குச் சொல்றப்பத்தான் ஒட்டும். இப்ப ஒட்டுச்சா, அதான் அவளயாக்கும்னு நெனச்சுட்டேன்."

காதில் எதையும் வைப்பதற்கு முன்னால், பேச்சு என்பதே அவளுக்கு உதடுதான் என்பது வசந்தாமணிக்கு அந்த நேரத்தில்தான் புத்தியில் ஏறியது. காது ஒன்று சொல்ல, கண் வேறொன்று சொல்ல, அந்தப் பிள்ளை இத்தனை காலமும் அந்த முன்பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது.

"அப்ப காதுல கேட்டது பொய்யின்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க டீச்சர்."

"அப்பறம் ஏன் உங்கம்மாகிட்ட அப்படிச் சொன்ன?"

மேகவர்ஷினி கொஞ்சம் வெட்கப்பட்டாள். "அதுதானுங்க நல்லாருந்துச்சு. மொதல்லதான் வாயப் பாத்தேன். அப்பறம் நீங்க கூப்பிடறப்பல்லாம் கண்ண மூடிக்குவேன். அப்ப காதுல வர்றது மட்டும் இருக்கும்."

அவள் கண்ணை மூடியதை வசந்தாமணி ஒரு தடவைகூடக் கவனித்ததில்லை. கவனிக்கிற அளவுக்கு அவளைப் பார்த்ததே இல்லை.

மற்றப் பிள்ளைகளுக்கும் விஷயம் மெல்ல எட்டியது. காலனிப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்துப் பையன் பிஸ்வஜித்தின் காதில் ஏதோ சொன்னான். அவனுக்குப் பாதி புரிந்திருக்கும். அப்புறம் ஒவ்வொருவராக, யாரும் சொல்லாமலே, டீச்சரின் வாயைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"மன்னிச்சுக்கோங்க டீச்சர், தப்பாப் பாத்துட்டேன்" என்றாள் மேகவர்ஷினி. "இப்ப நான் பதில் சொல்லட்டுங்களா?"

யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது! வசந்தாமணி முந்தானையை இழுத்து, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். துணிக்குள்ளிருந்து ஏதோ சொன்னார். மன்னிப்பாக இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். வகுப்பில் யாருக்கும் விளங்கவில்லை.

மேகவர்ஷினி எட்டிப் பார்த்தாள்.

"டீச்சர், கைய எடுங்க. வாய மூடிட்டா, நீங்க என்ன சொல்றீங்கன்னு எனக்குத் தெரியாது."

வசந்தாமணி கையை எடுத்தார்.